நூற்று இருபத்தைந்து பாகம் ஆழத்தில் ஒரு முதுகு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒவ்வொரு தோணியிலும் இருவகை ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் குளிப்பவர். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, பத்து இருபது மீட்டர் ஆழத்தில் கிடக்கும் முத்துப்பாருக்கு இறங்குவார். மற்றவர் தோணியில் கயிறு பிடித்து நிற்பவர். கீழிருந்து கயிறு அசைந்ததும் கல்லையும் சிப்பிக் கூடையையும் ஆளையும் மேலே இழுப்பது அவர் பொறுப்பு. இந்த இருவரில் யாருடைய முதுகு அதிக அழுத்தத்தைத் தாங்கியது?

தலைக்கு மேல் இருபது மீட்டர் கடலைச் சுமந்தவர் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் விடை மேலே நின்றவர். குனிந்து, முதுகை வளைத்து, இருபது கிலோவைத் தூக்கும் ஒரு மனிதரின் கீழ்முதுகுக்குள் உண்டாகும் அழுத்தம், கடலில் 230 மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். கடற்காரர் கணக்கில் சுமார் 125 பாகம். நனையாத ஒரு முதுகுக்குள் அத்தனை ஆழம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, கீழ்முதுகு எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்குக் கொற்கைக் கரையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. கிரேக்க நூல்கள் கொல்கொய் என்று குறித்த பாண்டியர் துறைமுகம் இது. இன்று தாமிரபரணி கொட்டிய வண்டலுக்கு நடுவே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒதுங்கிய சிற்றூர். துறைமுகம் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அங்கே கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சங்குக் குளிப்பு, வலை, உப்பளம், துறைமுகம் என்று வேலைகள் இன்றும் தொடர்கின்றன. இவை அத்தனையும் கடைசியில் வந்து சேர்வது ஐந்து எலும்புகளின் மேல்.

அந்த ஐந்தும் இடுப்பு முள்ளெலும்புகள். விலாவுக்குக் கீழே தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, திருவெலும்பு எனப்படும் முக்கோண எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் மூன்று மூட்டுகள். முன்னால் ஒரு இடைவட்டு. மருத்துவமனையில் ‘டிஸ்க்’ என்று சொல்வது இதைத்தான். பின்னால் இடமும் வலமுமாக இரண்டு சிறிய பின்மூட்டுகள். மருத்துவர்கள் இவற்றை ‘ஃபேசட்’ என்பார்கள். ஐந்து அடுக்குக்குப் பதினைந்து மூட்டுகள். திருவெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் இரண்டு, தொடை எலும்பு சேரும் இடத்தில் இரண்டு. கீழே விழுந்த ஒரு சாவியை எடுக்க நாம் குனிவதற்குள் பத்தொன்பது மூட்டுகள் வேலை செய்து முடித்துவிடுகின்றன.

இவற்றில் இடைவட்டுதான் அழுத்தத்தை வாங்குவது. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோகிம் வில்கே குழுவினர் துணிச்சலான ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 45 வயதுள்ள, 70 கிலோ எடையுள்ள ஒரு தன்னார்வலரின் நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்குள் ஊசி போன்ற உணர்கருவியைச் செலுத்தி, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அவரை நடக்க, உட்கார, தூங்க, சுமை தூக்கச் செய்தார்கள். கிடைத்த எண்களைக் கடலாழமாக மாற்றிப் பார்ப்போம். படுத்திருக்கும்போது 10 மீட்டர். சும்மா நிற்கும்போது 50. இருபது கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்து நிற்கும்போது 110. அதே இருபது கிலோவை முழங்காலை மடக்கித் தரையிலிருந்து தூக்கும்போது 170. முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்துத் தூக்கும்போது 230.

சுமை மாறவில்லை. மாறியது தூரம் மட்டும். கையில் உள்ள கூடை வட்டிலிருந்து அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. அதற்கு எதிராக இழுக்க வேண்டிய முதுகுத் தசைகளோ வட்டுக்குப் பின்னால் சுமார் ஐந்து சென்டிமீட்டரில் இருக்கின்றன. தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் விசையில் பத்து மடங்கு தேவை. இருபது கிலோவுக்கு எதிராக இருநூறு கிலோ அளவுக்குத் தசை இழுக்கிறது. முன்னால் சாய்ந்த தலை, தோள், கைகளின் எடைக்கும் தனியாக இழுக்க வேண்டும். இந்த இழுவிசை முழுவதும் இடையில் மாட்டிய வட்டைத்தான் நசுக்குகிறது. கயிறு பிடித்தவரை அழுத்தியது கூடையைவிட அவருடைய தசைகளே.

கீழே இருந்தவருக்கு என்ன ஆனது? இருபது மீட்டர் ஆழத்து நீர் அவரை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்தியது. உடம்பின் பெரும்பகுதி நீர். நீர் எளிதில் சுருங்காது. வட்டுக்கு வெளியே அழுத்தம் கூடிய அதே அளவுக்கு உள்ளேயும் கூடிவிடுவதால் அது நசுங்குவதில்லை. காற்றுள்ள நுரையீரல்தான் சுருங்கும். உடம்பின் எடையைக் கடல் தாங்கிக்கொள்வதால் நிமிர்ந்து நிற்கும் சிரமமும் தசைக்கு இல்லை. அந்த ஒரு நிமிடம் அவருடைய நெஞ்சுக்குக் கடும் சோதனை, இடுப்புக்கு ஓய்வு.

இனிப் பின்மூட்டுகளைப் பார்ப்போம். இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்து, விரல்கள் முன்னே நீளும்படி ஒட்டிப் பிடியுங்கள். ஒன்றை மேலும் கீழும் வழுக்கலாம். பக்கவாட்டில் தள்ளினால் மற்றது தடுக்கும். இடுப்பின் பின்மூட்டுப் பரப்புகள் ஏறத்தாழ இப்படித்தான் முன்பின்னாக நிற்கின்றன. எனவே குனிவதும் நிமிர்வதும் எளிது. ஒவ்வோர் அடுக்கும் குனிந்து நிமிர்வதில் 12 முதல் 17 டிகிரி வரை அசையும். திரும்புவதில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் போகாது. அதற்குள் ஒரு பக்க மூட்டு முட்டிக்கொள்ளும்.

ஆனால் கரையில் நின்று வீச்சு வலை எறிகிறவரைப் பாருங்கள். உடம்பே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அந்தச் சுழற்சி கீழ்முதுகில் இல்லை. கீழே தொடை மூட்டுகளும், மேலே விலாக்கள் பொருந்திய நடுமுதுகும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நடுமுதுகின் பின்மூட்டுகள் வேறு கோணத்தில் அமைந்திருப்பதால் திரும்புவது அங்கே சுலபம். இரண்டுக்கும் நடுவில் கீழ்முதுகு ஏறக்குறைய நேராகவே நின்று, காலின் வேகத்தைத் தோளுக்குக் கடத்துகிறது.

அடித்தட்டில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. திருவெலும்பின் மேற்பரப்பு கிடைமட்டமாக இல்லை. சுமார் 40 டிகிரி முன்னோக்கிச் சரிந்திருக்கிறது. ஐந்தாவது முள்ளெலும்பு அந்தச் சரிவில்தான் நிற்கிறது. மேலே உள்ள எடையெல்லாம் அதை முன்னால் தள்ளப் பார்க்கிறது. அதனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் பின்மூட்டுகள் வாட்டத்தைப் பெருமளவு மாற்றி, முன்னால் நகர விடாமல் கொக்கியாகப் பிடித்துக்கொள்கின்றன. ஒரே வகை மூட்டு, தட்டுக்குத் தட்டு வேறு கோணம்.

பின்மூட்டு தடுக்காத அசைவை வட்டு தடுக்கிறது. அதன் விளிம்பு ஒரு நார்வளையம். கொலாஜன் என்ற உறுதியான புரதத்தால் ஆன 15 முதல் 25 அடுக்குகள். ஓர் அடுக்கில் நார்கள் வலப்புறம் சாய்ந்தால் அடுத்த அடுக்கில் இடப்புறம் சாயும். சாய்வு கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி. உடம்பை வலப்பக்கம் திருப்பினால் பாதி அடுக்குகள் விறைக்கும், பாதி தளரும். இடப்பக்கம் திருப்பினால் முறை மாறும். எந்தப் பக்கம் போனாலும் இழுத்துப் பிடிக்கப் பாதிப் பேர் தயாராக இருக்கிறார்கள். திருப்பமும் சுமையும் சேரும்போது மறுபாதி ஓய்ந்திருப்பதுதான் இந்த அமைப்பின் பலவீனம்.

இப்போது தூத்துக்குடி உப்பளத்துக்குப் போவோம். பாத்தியில் படிந்த உப்பை நீளக் கைப்பிடி உள்ள பலகையால் வாருகிறார் ஒருவர். மெல்லக் குனியத் தொடங்கும்போது முதலில் இடுப்பு முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாக விரிகின்றன. பிறகு தொடை மூட்டுகள் மேல் இடுப்பெலும்பே முன்னால் உருள்கிறது. முழுக்கக் குனிவதில் ஏறத்தாழப் பாதி கீழ்முதுகின் பங்கு, மீதி தொடை மூட்டின் பங்கு. தொடையின் பின்தசை இறுகியவர்களுக்கு இரண்டாவது பங்கு குறைந்துவிடும். அந்தக் குறையை முதுகு ஈடுசெய்ய வேண்டியிருக்கும்.

முழுக்கக் குனிந்த நிலையில் ஒரு விந்தை நடக்கிறது. முதுகுத் தசைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஃபிளாய்ட், சில்வர் என்ற இருவர் தசைகளின் மின் அலைகளைப் பதிவுசெய்தபோது இதைக் கண்டார்கள். குனியக் குனிய மின் துடிப்பு கூடுகிறது. கடைசிக் கட்டத்தில் சட்டென்று அடங்கிவிடுகிறது. எலும்பையும் எலும்பையும் கட்டியுள்ள பிணைநார்களும் வட்டுகளும் அப்போது மேலுடம்பைத் தொங்கவிட்டுத் தாங்குகின்றன. செலவில்லாத ஓய்வு போலத் தெரியும். ஆனால் பிணைநார் நேரம் செல்லச் செல்ல நீளும். கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில் நடத்திய சோதனையில், இருபது நிமிடம் முழுக்கக் குனிந்திருந்தவர்களின் முதுகு இழந்த விறைப்பில் பாதி இரண்டு நிமிடத்தில் திரும்பியது. மீதி அரை மணி கழித்தும் முழுதாக வரவில்லை. வாரி முடித்து நிமிர்ந்த கையோடு கனத்த சுமையைத் தூக்காமல், இரண்டு நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குவது முதுகுக்கு நல்லது.

வாரிய உப்பைப் பெண்கள் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். தசைகளையெல்லாம் நீக்கி, எலும்பும் வட்டும் பிணைநாரும் மட்டும் உள்ள முதுகெலும்பின் மேல் எடை வைத்தால் எவ்வளவு தாங்கும்? 1961-இல் அமெரிக்காவில் லூக்காஸ், பிரெஸ்லர் இருவரும் அளந்தார்கள். கழுத்தடி முதல் திருவெலும்பு வரையான அடுக்கு இரண்டு கிலோ எடைக்கே மடங்கிச் சரிந்தது. நம் தலையின் எடையே நான்கைந்து கிலோ இருக்கும். அப்படியானால் தலையையே தாங்க முடியாத ஓர் அடுக்கின் மேல் முப்பது கிலோ உப்பு எப்படி நடந்து போகிறது?

விடை சின்னத் தசைகளில் இருக்கிறது. முள்ளெலும்புக்கு முள்ளெலும்பு குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அவை, சுமையின் விசையை முதுகின் வளைவோடு சேர்த்தே வளைத்து அனுப்புகின்றன. விசை வளைவின் வழியே சென்றால் முதுகு சரியாது. 1999-இல் பட்வர்தன் என்ற ஆய்வாளரின் குழு, ஆய்வகத்தில் இடுப்பு முள்ளெலும்புகளின் மேல் கம்பிகளால் விசையை இப்படி வளைவோடு செலுத்தியது. 120 கிலோவுக்குச் சமமான சுமையையும் அது சரியாமல் தாங்கியது.

முதுகைத் தாங்கும் தசைகள் நம் கட்டளைக்குக் காத்திருப்பதும் இல்லை. 1996-இல் ஆஸ்திரேலியாவின் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் ஆகியோர், நின்றபடி கையைச் சட்டென்று உயர்த்தச் சொல்லித் தசைகளைக் கவனித்தார்கள். கையைத் தூக்கும் தோள் தசை இயங்குவதற்கு முன்பே, வயிற்றைச் சுற்றியுள்ள ஆழமான தசை இறுகிவிட்டது. அசையப்போகும் கையால் உடம்பு தடுமாறும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டு இடுப்பைக் கட்டுகிறது. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களிடம் இந்த முன்னேற்பாடு தாமதமாக வந்தது.

தாயாகப்போகும் பெண்ணின் முதுகில் இன்னொரு முன்னேற்பாடு உண்டு. வயிறு முன்னால் வளரும்போது உடம்பின் எடை மையமும் முன்னால் நகரும். அதைச் சமாளிக்க அவர் பின்னால் சாய்கிறார். இடுப்பின் வளைவு ஆழமாகிறது. 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, பெண்களின் இடுப்பில் மூன்று முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் இருப்பதையும், ஆண்களிடம் இரண்டே இருப்பதையும் காட்டியது. வளைவு மூன்று இடங்களில் பங்காவதால் மூட்டுகளின் சுமை குறைகிறது. சுமார் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனித முன்னோரின் எலும்புகளிலும் இதே வேறுபாடு இருக்கிறது.

இத்தனைக்கும் அடியில் இருப்பவை திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இரண்டு மூட்டுகள். அவற்றின் அசைவு சில டிகிரி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இவ்வளவு குறைவாக அசைவது எதற்கு என்று கேட்கத் தோன்றும். முதுகின் எடை இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் இறங்கும் சந்தி அதுதான். மேடும் பள்ளமுமான பரப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கின்றன. எடை கூடக் கூட இறுக்கமும் கூடுகிறது. காலடியின் அதிர்ச்சி மேலே ஏறும்போது, அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அதை மட்டுப்படுத்துகிறது.

கடைசியாக வட்டின் நடுவில் உள்ள கூழ்மையம். இளமையில் அதில் ஐந்தில் நான்கு பங்கு நீர். 230 மீட்டர் ஆழத்து அழுத்தத்திலும் அந்த நீர் பிழிந்து வெளியேறிவிடாமல் இருப்பதற்குக் காரணம் உப்பு. கூழ்மையத்தில் அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறு நிறைந்திருக்கிறது. அதன் உடலெங்கும் எதிர்மின்னூட்டம். நேர்மின்னூட்டமுள்ள சோடியம் அயனிகளை அது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் வட்டுக்குள் சோடியத்தின் செறிவு இரத்தத்தில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. உப்பு செறிந்த இடத்துக்கு நீர் தானாக வரும். உப்பளத்தில் வெயில் நீரை விரட்டி உப்பை மிச்சம் வைக்கிறது. அதை வாரும் தொழிலாளியின் முதுகுக்குள்ளோ உப்பு காவலிருந்து நீரை வரவழைக்கிறது.

இந்த இழுபறி நாள்தோறும் நடக்கிறது. பகலில் எடை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற, இரவுக்குள் நம் உயரம் சுமார் ஒரு சதவீதம் குறைந்துவிடுகிறது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இழக்கிறார். அதில் பாதி, எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது. படுத்தவுடன் உப்பு தன் வேலையைத் தொடங்குகிறது. வில்கேயின் தன்னார்வலர் ஏழு மணி நேரம் தூங்கியபோது, வட்டின் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்திலிருந்து 24 மீட்டர் ஆழத்துக்கு ஏறியது. வட்டு நீர் குடித்துப் புடைத்ததன் அளவு அது. வளர்ந்தவரின் வட்டுக்குள் இரத்தக் குழாய் கிடையாது. உணவு மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து ஊறித்தான் வர வேண்டும்.

புடைத்த வட்டைக் குனிந்து வளைத்தால் நார்வளையம் அதிகம் இழுபடும். உப்பளத்து வேலையோ வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்னே தொடங்குவது. 1998-இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களை எழுந்த முதல் சில மணி நேரம் குனியாமல் இருக்கச் சொன்னார்கள். மருந்து எதுவும் சேர்க்காமலே பலருக்கு வலி குறைந்தது.

வயதாக ஆக அக்ரிகான் சிதையும், நீர் குறையும், வட்டு மெலியும். ஸ்கேன் அறிக்கையில் ‘தேய்மானம்’ என்று வரும். அதைப் படித்துப் பயப்படுவதற்கு முன் 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வைத் தெரிந்துகொள்ளலாம். முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைப் பார்த்ததில், இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் இருந்தது. கூழ்மையம் பிதுங்கி வெளியே வந்தாலும், மூன்றில் இரண்டு பேருக்கு உடம்பே அதைக் கரைத்துச் சுருக்கிவிடுகிறது என்கிறது 2017-இன் இன்னொரு தொகுப்பாய்வு.

சுமைதான் எதிரி என்றால், சுமையே இல்லாத இடத்தில் முதுகு சுகமாக இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் உண்டு. விண்வெளியில் எடை இல்லை. முதுகின் வளைவுகள் நேராகின்றன. வீரர்கள் ஐந்து சென்டிமீட்டர் வரை உயரமாகிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதல் நாட்களில் முதுகுவலி என்கிறார்கள். முதுகைத் தாங்கும் தசைகள் மெலிகின்றன. பூமிக்குத் திரும்பியபின் வட்டு பிதுங்கும் ஆபத்து மற்றவர்களைவிட நான்கு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பகலில் அழுந்தி இரவில் ஊறும் அந்தத் தாளம் நின்றால் முதுகுக்குத் தாங்கவில்லை.

கொற்கைக்குத் தெற்கே, அதே கரையில், குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து புறப்படப்போவது சிறு செயற்கைக்கோள்கள். அவற்றுக்கு முதுகு கிடையாது. விண்வெளி அவற்றுக்கு வலிக்காது. முதுகுள்ள நாம் தரையில் இருந்துகொண்டு, முழங்காலை மடக்கிக் கூடையைத் தூக்கினால், அதே இருபது கிலோவில் அறுபது மீட்டர் கடலை இடுப்பிலிருந்து உடனே இறக்கிவைக்கலாம். எழுந்து, கூடையை உடம்போடு அணைத்து நிமிர்ந்து நிற்கையில் இன்னும் அறுபது.